சடலம் காட்டப்படவில்லை

பெசன்ட் நகரில், ராஜாஜி பவனத்துக் கோப்புகளிடையே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டு, அந்திப் பொழுதில் எலியட்ஸ் கடற்கரையில் காற்று வாங்கும் பெரியவர்களுள் ஒரு வர்க்கத்தார் உண்டு. சொந்த பந்துக்களின் மரணத்தை "வயசாச்சு, போகவேண்டியதுதான்" என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளும் இவர்கள், தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரம் மாண்டதாகச் சொன்னால் மட்டும் தக்க ஆதாரமின்றி நம்பமாட்டார்கள். எங்கள் அடுக்குமாடியில் வசிக்கும் ஆடிட் மாமா இந்த வர்க்கத்தின் திலகம்.

தமிழ்த் தொடர்களின் சாவு அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு நடிகருக்கு சினிமா வாய்ப்பு வந்துவிட்டால், அவர் ஏற்ற பாத்திரம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறும். அல்லது 'இவருக்குப் பதில் இவர்' என்ற அறிவிப்போடு மறுநாளே வேறு முகம் பெற்று, அதே மனைவியோடு அதே சண்டையைத் தொடரும். இரண்டும் கைகூடாதபோதுதான் சந்தனப் பொட்டும் சம்பங்கி மாலையுமாகச் சுவரேறும். நேற்றுவரை கொடுமை செய்தவன் திடீரென்று நல்லவனாகி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால், "இவனுக்குக் கால்ஷீட் முடிஞ்சுபோச்சு" என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பலித்துவிடும். நாகாவின் இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்ம தேசம்' மீது மட்டும் அவருக்கு இன்றும் மரியாதை உண்டு; முடிவை முன்கூட்டியே அறிந்த கதையில் செத்தவன் கதைக்காகச் சாகிறானேயன்றி, தேதி கொடுக்காத குற்றத்துக்காகச் சாவதில்லை என்பது அவர் சித்தாந்தம். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

இப்படிப்பட்டவரை 2025 ஏப்ரல் மாதம் சோதித்தது. 1998-ல் தொடங்கி, இருபது ஆண்டுகள் ஓடி, இடையில் நின்று, 2024 டிசம்பரில் மறுபடி உயிர்பெற்ற 'சி.ஐ.டி.' என்னும் ஹிந்தித் தொடரில், ஏ.சி.பி. பிரத்யுமன் குண்டுவெடிப்பில் காலமானார் என்று, பிறப்பு இறப்புப் போல 1998, 2025 என வருஷங்களையும் போட்டு, சோனி சானலே அஞ்சலி வெளியிட்டுவிட்டது. டில்லி உத்தியோக காலத்தில் ஹிந்தி கற்ற மாமாவுக்கு, கதவை உதைத்து உடைக்கும் தயாவும், விரல்களைச் சுழற்றி யோசிக்கும் பிரத்யுமனும் ஏறக்குறைய உறவினர். தவிர, அந்த வேஷம் போட்ட சிவாஜி சாட்டம் ஒரு காலத்தில் வங்கி உத்தியோகஸ்தர் என்பதால் தனி அபிமானம் வேறு.

"டி.வி.காரனே சொல்லிட்டானே, இன்னும் என்ன?" என்றாள் மாமி.

"சொல்றதுக்கென்ன? பாடியைக் காட்டினானா?"

அன்று மாலை ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் எதிரே, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே எங்களுக்கு அவர் நிகழ்த்திய உபந்நியாசம் மறக்கத்தக்கதன்று. 1893-ல் கோனன் டாயில் தம் ஷெர்லக் ஹோம்ஸை ஸ்விட்ஸர்லாந்தின் ரைஹன்பாக் அருவியில் தள்ளினார், சடலம் கிடைக்கவில்லை, 1903-ல் ஹோம்ஸ் சாவகாசமாகத் திரும்பி வந்தார். மாறாக 2000-ல் பிரிட்டிஷ் தொடரின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் மாரடைப்பால் இறந்தபோது, சகா லூயிஸ் வந்து குளிர்ந்த நெற்றியில் முத்தமிட்டு விடைபெறும் வரை காட்டினார்கள். ஆகவே அந்தக் கணக்கு முடிந்தது. "நானே வருஷா வருஷம் நவம்பர் மாசம் உயிரோடதான் இருக்கேன்னு லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாத்தான் பென்ஷன். ஒரு போலீஸ் ஆபீசர் செத்துட்டான்னு வவுச்சர் இல்லாம எப்படி சார் எழுதறது?" என்றார். சுண்டலில் மாங்காய்த் துண்டு குறைவு என்பதையும் அதே மூச்சில் ஆட்சேபித்தார்.

ரசிகர்களின் கூக்குரல் வடநாடெங்கும் எழுந்தது. பார்த் சம்தான் என்ற இளைஞர் ஏ.சி.பி. ஆயுஷ்மானாக வந்து நாற்காலியில் அமர்ந்தார். அதிக காலம் செல்லாமலே, பிரத்யுமன் பிழைத்திருக்கிறார் என்று கதை திருத்தப்பட்டு, சாட்டம் திரும்பினார். மாமியும் நாங்களும் மாமாவைப் பாராட்டத் திரண்டோம். அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு ஏதும் இல்லை; கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிகுந்த கவலையோடு, "சாங்ஷன் ஆன போஸ்ட் ஒண்ணு; ஏ.சி.பி. ரெண்டு பேர். புதுசா வந்தவனுக்குச் சம்பளம் எந்த ஹெட்லேர்ந்து கொடுக்கறான்?" என்றார்.