இழைப்புளிக்கு வந்த யோகம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இழைப்புளிக்கு இப்போது சுக்கிர திசை. ஆசாரி கையில் தேய்ந்த காலத்தில் அதை யார் மதித்தார்கள்? பிடி உடைந்து இரும்பு துருவேறியதும் ‘ஆன்டிக்’ ஆகிவிட்டது. தகட்டில் ‘ஷெஃபீல்டு’ என்று மங்கலாகத் தெரிந்தால் விலை இன்னொரு படி ஏறும். கூர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வேலை தெரிந்தவர் என்று கண்டுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

காஞ்சிபுரம் மட்டும் சளைத்ததா? குழித்தறியைப் பிரித்தால் நாடா ஓட்டல் வரவேற்பறைக்குப் போகிறது, ஜக்கார்டு அட்டை சட்டத்துக்குள் போகிறது. கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா வேண்டும். வரவேற்பறைக்கு ஒன்றே போதும், அதுவும் ஓட வேண்டியதில்லை.

அதே ஊரில் மரத்தாலான அத்திவரதர் 40 ஆண்டு குளத்தடியில் இருந்துவிட்டு 2019-இல் தரிசனம் தந்தார். வியாபாரத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? புது மரத்தை ஒரு ராத்திரி தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தால், விடிந்ததும் பாட்டன் காலத்துக் கொட்டாப்புளி தயார்.

வாங்கியவர் அதைச் சுவரில் மாட்ட ஆசாரியைக் கூப்பிடுகிறார். அவர் ட்ரில் மெஷினோடு வருகிறார்.