பானாவுக்குப் பதினொரு பேர்

பழவேற்காடு ஏரிக்கரையில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும், நிழலில் வலையைப் பரப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு தேர்வுக்குழுத் தலைவர் இருப்பார். அவரை யாரும் நியமித்ததில்லை, ஆகவே நீக்கவும் முடியாது. கால் பெருவிரலில் மாட்டி இழுத்த வலைக்கண்ணி, வலது கையில் ஊசி, வாயில் 1877-லிருந்து இன்றுவரை ஆடிய டெஸ்ட் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும். எல்லாக் காலத்துக்குமான சிறந்த அணியைச் சொல்லச் சொன்னால் மாட்டார். பிராட்மன், சோபர்ஸ், டெண்டுல்கர், வார்ன் என்று எவனும் ஒப்பித்துவிட்டுப் போவான், அதில் சண்டைக்கு இடமேது? அதனால் அவராக ஒரு நிபந்தனை போட்டுக்கொள்வார்: பதினொரு பேருடைய குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். ஊர் இவரைக் கிரிக்கெட் பைத்தியம் என்கிறது. ஊர் தப்பாகச் சொல்கிறது என்பது என் கட்சி. அவருக்கு வேண்டியது அணி இல்லை, வழக்கு.

முதல் சாட்சி முத்தையா முரளிதரன். 800 டெஸ்ட் விக்கெட், உலகத்திலேயே அதிகம். அப்பா பெயரை எடுத்தாலும் மு, சொந்தப் பெயரை எடுத்தாலும் மு. வில்லங்கமில்லாத பட்டா. எனவே தலைவர் அவரைப் பற்றி ஒரு நிமிடத்துக்குமேல் பேசமாட்டார். அஸ்வின் என்றால் ஊசி நின்றுவிடும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் நிற்கும் ரவிச்சந்திரன், அப்பா. குடும்பம்தான் கணக்கு என்றால் 537 விக்கெட்டும் ரானாவுக்குப் போகும். சொந்தப் பெயர் என்றால் ஆனா அணிக்கு. தங்கராசு நடராஜனும் அப்படியே, தானாவா நானாவா என்று இரண்டு டீ குடிக்கலாம். இதிலெல்லாம் தேறியவனுக்குத்தான் வாஷிங்டன் சுந்தரை எடுத்துக் கொடுப்பார். சுந்தர், அப்பா பெயர். வாஷிங்டனோ, அப்பாவுக்கு இளவயதில் உதவிய முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் பெயர். ஆக பையனுக்கென்று சொந்த எழுத்தே கிடையாது. “இன்னா மாமா, அப்ப அவங்க அப்பனையா எறக்கப் போற?” என்று எதிரே இருப்பவன் கேட்பான். தலைவர் அசரமாட்டார். சுந்தரும் கிரிக்கெட் ஆடியவர், ரவிச்சந்திரனும் கிளப் ஆட்டத்தில் வேகப்பந்து போட்டவர். அப்பாக்கள் அணி என்று தனியாக ஒன்று பின்னால் வரும், அவசரப்படாதே என்பார்.

குடும்பப் பெயரென்பது வெள்ளைக்காரன் வழக்கம், அதை இந்தக் கரைக்கு இழுத்துவந்து ஏன் குழம்ப வேண்டும், பேரின் முதல் எழுத்தையே வைத்துக்கொண்டால் தீர்ந்ததே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தீர்ந்துவிடும்; அதுதான் குறை. ஆனாலும் தலைவர் ஊர் வழக்கத்தை விட்டவர் இல்லை. எழுத்து என்றால் தமிழ் எழுத்து என்று அடித்துச் சொல்லிவிட்டார். அங்கேதான் அவருடைய மேதைமை. இங்கிலீஷில் பி என்ற எழுத்து இரண்டு. நமக்குப் பானா ஒன்றே. விளைவைப் பாருங்கள்: பான்ஸ்ஃபோர்டு, பாய்காட் தொடக்கம். மூன்றாவது பிராட்மன், சராசரி 99.94. பிறகு பான்டிங், கிரேம் பொல்லாக், போத்தம். கீப்பர் பவுச்சர். எழுத்து அணிகள் வழக்கமாகக் கீப்பர் கிடைக்காமல்தான் கவிழும், இங்கே அதுவும் அமைந்துவிட்டது. பந்துவீச பிராக்டர், சிட்னி பார்ன்ஸ், பும்ரா, பேடி. லண்டனில் உட்கார்ந்து யோசிக்கிற எவனுக்கும் இப்படி ஒரு அணி வாய்க்காது, அவன் இதை இரண்டாக அறுத்தாக வேண்டும். தொல்காப்பியர் போட்டுக்கொடுத்த அணி என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் ஏரி இரண்டு மாநிலத்துக்குப் பொது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. கரையில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு இரண்டு எழுத்தும் தனித்தனி. அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் பானா அணி அரை மணியில் பிளந்துவிடும். போதாததற்கு, தெலுங்கில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். வங்கிபுரப்பு வெங்கட சாய் லட்சுமண் என்பதில் குடும்பம் வங்கிபுரப்புதான். 2001-இல் கொல்கத்தாவில் 281 அடித்தவரை லானாவிலிருந்து பெயர்த்து வானாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கேயோ வீக்ஸ், வாரல், வால்காட், விஸ்வநாத் என்று நடு ஆட்டத்தில் கால்வைக்க இடமில்லை. தலைவர் முகத்தில் அப்போது தெரிகிற சந்தோஷம், வலை நிறைய இறால் விழுந்தாலும் தெரியாது.

வேலையற்ற வேலை என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் பாடு முறையைப் பார்த்ததில்லை. ஏரியில் இறால் விழும் இடங்களில் கண்டவர் கண்டபடி வலை போடுவதற்கில்லை. பாடு இருக்கிற குப்பங்களில் தலைக்கட்டுக் கணக்கில் உள்ளவருக்கே உரிமை; எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்கிறார்கள். யார் தலைக்கட்டு, யார் இல்லை என்று வாதாடுவது இங்கே பிழைப்பின் பகுதி. மீன் பொதுவாகத் திரிகிறது, உரிமைக்குத்தான் பெயரும் வரிசையும் வேண்டும். பிராட்மனும் பொதுவாகத்தான் திரிகிறார். அவரை எந்தப் பாட்டில் பிடிப்பது என்று முறைவைப்பதற்கு இந்த ஊர்க்காரனைவிடத் தகுதி யாருக்கு? நியாயமாக ஒரு மறுப்பு சொல்லலாம்: பாட்டில் தோற்றால் அன்றைய சோறு போகும், பானாவில் தோற்றால் ஒன்றும் போகாது. உண்மைதான். அதனால்தான் பாட்டுத் தகராறை ஊர்க்கூட்டம் ஒரு வழியாக முடித்துவைக்கிறது. பானா தகராறை முடித்துவைக்க யாரையும் தலைவர் விடுவதில்லை.

பொழுது சாய்ந்து, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழும்போதுகூட ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டுத்தான் போவார். கபில் தேவ் கானாவா, தானாவா? நாலடி நடந்து திரும்புவார்: “வீட்டுப் பேரு நிகஞ்சுடா. நானாவுக்கும் ஒருக்கா யோசிச்சு வை.”