இருபது ரூபாய் மனுஷன், ஆயிரத்தைந்நூறு ரூபாய் போன்

அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் ஏனாத்தூர்த் தெருமுனையில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சைக்கிளை நிறுத்தினால் போதும், நைனா தறிக்குழியிலிருந்தபடியே குரல் கொடுப்பார்: "நைனா ஊர்ல இல்லேன்னு சொல்லு." சொல்லிவிட்டு நாடாவைத் தட்டுவார். ஊரில் இல்லாத மனிதரின் தறிச்சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். ஏஜெண்ட்டும் லேசுப்பட்டவர் இல்லை. "பரவாயில்லம்மா, சத்தம் நிக்கட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா மோர் கொடுப்பாள். சத்தம் நிற்காது. மோர் தீர்ந்ததும் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

உயிரோடு உட்கார்ந்திருப்பவனிடம் வந்து, செத்தால் எவ்வளவு வரும் என்று கணக்குச் சொல்வது நைனாவுக்கு அபசகுனம். 1956-ல் எல்.ஐ.சி. வந்தது, 1973-ல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் அரசாங்கத்துக்கு வந்தன என்பதெல்லாம் எங்கள் தெருவைப் பொறுத்தவரை டெல்லிச் சமாச்சாரம்.

பொருளுக்கு இன்சூரன்ஸ் என்றால் சிரித்திருப்பார்கள். வீட்டில் இருந்த ஒரே மின்சாதனம் ரேடியோ. அதற்கு அம்மா துணியில் உறை தைத்து, எட்டாத உயரத்தில் பலகை அடித்து, மேலே வைத்தாள். வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கிவர வேண்டும். எண்பதுகளின் நடுவில் அந்த லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். ரேடியோ வைத்திருந்த குற்றத்துக்குத்தான் பணமே ஒழிய, அது கீழே விழுந்தால் ஒரு பைசா யாரும் தரமாட்டார்கள். ஆகவே அது கீழே விழவே இல்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. விடியற்காலையில் பாவை, அதாவது சேலையின் நெடுக்கு இழைகளை, தெரு நெடுகக் கட்டி விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பாவில் மூன்று சேலை. பட்டு முதலாளியுடையது, வேலை நம்முடையது, மழை வருண பகவானுடையது. ஐப்பசியில் கிழக்கே கொஞ்சம் கறுத்தாலும் நைனாவின் முகமும் கறுக்கும். ஒரு நாள் பாதிக் கஞ்சியில் தூறல் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டார் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக் கிழவி இடுப்புப் பிள்ளையை என் தங்கையிடம் போட்டுவிட்டுக் கோலைப் பிடித்தாள். பாவு சுருட்டிக்கொண்டே உள்ளே போன வேகத்தை இன்று எந்தக் கம்பெனியின் கிளெய்ம் டிபார்ட்மெண்டிலும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிரீமியமும் இருந்தது: அடுத்தவன் பாவுக்கு வானம் கறுத்தால் நாமும் ஓட வேண்டும். ஓடாதவனுக்கு மறுதடவை யாரும் ஓடிவர மாட்டார்கள். இதில் மறைந்த ஷரத்து எதுவும் கிடையாது.

நைனா பிற்பாடு தனியார் முதலாளியை விட்டுப் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று. கூலியில் ரூபாய்க்கு எட்டுப் பைசா பிடித்துக்கொள்வார்கள். அரசாங்கம் தன் பங்குக்கு நாலு பைசா போடும். "கூலியே அரைக்கூலி, இதுல எட்டுப் பைசா வேற" என்று பாஸ்புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முனகுவார். தங்கை கல்யாணத்தின்போது அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது முனகவில்லை. அதைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதும் கிடையாது.

பிறகு போன் வந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமுடன் செல்போனில் பேசினார். அதுதான் நாட்டின் முதல் செல்போன் பேச்சு. கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு என்றிருந்த காலம். எங்கள் ஊருக்கு அது வந்துசேர எட்டுப் பத்து வருஷம் ஆயிற்று. வந்தது நோக்கியா 1100. 2003-ல் வெளியான மாடல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது என்பார்கள். தலையில் டார்ச், முதுகில் ரப்பர் ஓரம். எங்கள் வீட்டில் அது மொட்டைமாடியிலிருந்து விழுந்திருக்கிறது, மாவு அண்டாவில் விழுந்திருக்கிறது. பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் எனத் தெறிக்கும். மூன்றையும் பொறுக்கிச் சேர்த்தால் பழையபடி கைகோத்துக்கொண்டு வரவேற்கும். அதற்கு யாராவது இன்சூரன்ஸ் என்று வந்திருந்தால், போன்தான் எங்களை இன்சூர் செய்திருக்கும்.

2006-ல் அந்தக் கம்பெனியே ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. ஏனாத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். 2014 நவம்பரில் கதவைச் சாத்தினார்கள். இப்போது சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஃபாக்ஸ்கான், அங்கே ஐபோன். விழுந்தால் உடையாத போனையும் நம் மாவட்டத்து விரல்கள்தான் பூட்டின, விழுவதற்கு முன்பே உடைந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும் போனையும் அவைதான் பூட்டுகின்றன.

என் மகள் இங்கேயே, சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவில் படிக்கிறாள். அவளுக்குப் போன் வாங்கக் காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். பதினைந்தாயிரம் ரூபாய் போன். பில் போடும் நேரத்தில் கடைப்பையன் மெல்ல ஆரம்பித்தான். "அங்கிள், டேமேஜ் ப்ரொடெக்‌ஷன் போட்டுடலாமா? ஆயிரத்தைந்நூறுதான். ஸ்க்ரீன் போனா நாலாயிரத்தைந்நூறு ஆவும்."

"இப்பதானேப்பா நல்லா ஸ்ட்ராங்கு, விழுந்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னே?"

"ஸ்ட்ராங்குதான் அங்கிள். சேஃப்டிக்கு."

ஐந்து நிமிஷம் முன்பு இரும்பாக இருந்தது, பில் மிஷின் பக்கத்தில் வந்ததும் அப்பளம் ஆகிவிட்டது. காகிதத்தைக் கொடு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. மகள் கடை வாசலுக்கே போய்விட்டாள்.

படித்தேன். எழுத்து, ஜரிகையில் ஒற்றை இழை பார்க்கிற கண்ணுக்கே சிரமம். சாராம்சம் இது: உடைந்தால் முதல் 750 ரூபாய் நம் கையிலிருந்து. கீறல், நிறம் போவது எல்லாம் சேராது. 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். போன் ஒரேயடியாகப் போய்விட்டால் வாங்கின விலை கிடையாது. மாசம் ஏற ஏற மதிப்பு இறங்கும். பிரீமியத்துக்குள் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். போனுக்கு எடுக்கவில்லை. அரசாங்கத்துக்காவது வரிசை தெரிந்திருக்கிறது.

பையனிடமிருந்த பேனாவையே வாங்கி பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கண்ணாடி 4,500. நம் பங்கு 750 போக கம்பெனி தருவது 3,750. அதற்கு நாம் கொடுப்பது 1,500. அதாவது, இந்தப் போனை வாங்குகிற பத்துப் பேரில் நாலு பேர் வருஷம் தவறாமல் கண்ணாடியை உடைத்தால்தான் கொடுத்த காசும் வருகிற காசும் சரிக்குச் சரி. அப்படி உடைத்தால் கம்பெனி எப்படி நடத்துவது, ஏஜெண்டுக்குக் கமிஷன் எங்கிருந்து, பையனுக்கு இன்சென்டிவ் எங்கிருந்து? ஆகவே அவர்களுக்குத் தெரியும், நாலு பேர் உடைக்க மாட்டார்கள் என்று. நமக்குத்தான் அந்த நாலில் ஒருவராக இருந்துவிடுவோமோ என்று வயிற்றில் புளி கரைகிறது. விற்கப்படுவது அந்தப் புளிதான்.

எல்லாருக்கும் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். லட்ச ரூபாய் போனைத் தவணையில் வாங்கி, அது உடைந்தால் தவணையும் கட்டி ரிப்பேருக்கும் கடன் வாங்க வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிற பையனுக்குப் போன் போனால் அன்றைக்கே வருமானம் போச்சு; அவனும் யோசிக்கலாம். அதிலும் கடைக்காரர் தள்ளிவிடுகிற மூன்றாம் கம்பெனித் திட்டத்தைவிட, போனைத் தயாரித்தவர்களே விற்கிற திட்டத்தில் அலைச்சல் குறைவு. அவர்கள் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வரலாம். இன்னொன்று: தவணைக் கடனில் வாங்குபவர்கள் பில்லை ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். கேட்காமலே ஒரு 'ப்ரொடெக்‌ஷன்' உள்ளே உட்கார்ந்திருக்கும், கல்யாணப் பந்தியில் யாருக்கும் தெரியாதவர் உட்கார்ந்திருப்பதுபோல.

திருட்டு, தொலைவது என்று வந்தால் கதையே வேறு. 1979-ல் காஞ்சிபுரம் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் வெளியே வந்தபோது கூட்டத்தில் தொலைந்தது பிள்ளைகளும் செருப்பும். மைக்கில் பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த முறை, 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். அப்போது எனக்குத் தெரிந்த ஒருவரின் போன், வரிசையில் சட்டைப் பையிலிருந்தே போய்விட்டது. பாலிசி இருக்கிறது என்று தைரியமாக இருந்தார். கம்பெனி கேட்ட முதல் கேள்வி: "பலவந்தமா பிடுங்கினாங்களா சார்?"

"இல்லைங்க, தெரியாமலே எடுத்துட்டான்."

தெரியாமல் எடுத்தால் அது 'தொலைந்தது', அதற்குக் காசில்லை. பூட்டை உடைத்தோ கையை முறுக்கியோ எடுத்திருந்தால் அது திருட்டு, காசு உண்டு. தொழில் சுத்தமாகத் தெரிந்த திருடனிடம் கொடுத்தவருக்கு நஷ்டம், கத்துக்குட்டித் திருடனிடம் கொடுத்தவருக்கு நஷ்டஈடு. போதாததற்குக் கம்பெனி எப்.ஐ.ஆர். கேட்டது; ஸ்டேஷனில் அவருக்குக் கிடைத்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. இந்த இரண்டு மூன்றெழுத்துக்கு நடுவில் அவர் நடந்த நடையில் திருப்பதிக்கே போயிருக்கலாம்.

2023 மே மாதத்தில் மத்திய அரசு சி.இ.ஐ.ஆர். என்ற ஏற்பாட்டை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. போலீஸ் புகார் நகலோடு தொலைந்த போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்தால் எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாமல் முடக்கிவிடுவார்கள். யாராவது போட்டுப் பார்த்தால் போலீசுக்குத் தகவல் போகும். செலவு ஒன்றுமில்லை. போனில் *#06# அழுத்தி வருகிற எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். எங்கள் வீட்டில் அது காலண்டரின் பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே இருக்கிறது.

ஆகக் கடைசியில் நான் ஆயிரத்தைந்நூறு கட்டவில்லை. முந்நூறு ரூபாய்க்கு நல்ல கவரும் மேல்கண்ணாடியும் போட்டு, மாசம் நூறு ரூபாய் தபாலாபீஸ் ஆர்.டி.யில் மகள் பேரில் போடுகிறேன். கணக்குப் பார்த்தால் போன் விலையில் வருஷத்துக்கு ரூபாய்க்கு எட்டுப் பைசா. நாலு பைசா போட அரசாங்கம் மட்டும் இல்லை. "நைனா மாதிரியே பண்றீங்க" என்று மகள் முனகுகிறாள். முனகட்டும்.

எதிர்வீட்டு அண்ணன் இன்னமும் தறியில் இருக்கிறார். அவருக்கு இப்போது போன்தான் பாதி முதலாளி. முந்தானை டிசைன் வாட்ஸ்அப்பில் வரும், பாதி நெய்த சேலையை வீடியோவில் காட்டச் சொல்வார்கள். போனை இடுப்பு மடிப்பில் செருகியிருப்பார். போன மாதம் கோர்வைக்குக் குனிந்தபோது அது நழுவித் தறிக்குழிக்குள் போயிற்று. மண்ணில் விழுந்திருந்தால் பிழைத்திருக்கும். மிதிக்கட்டையின் முனையில் விழுந்து, அவர் காலும் அதே நேரம் அழுத்திவிட்டது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் சிலந்திவலை, நடுவில் பச்சைக் கோடு, கீழ்ப்பாதி கறுப்பு. போன் அடிக்கும், யார் என்று தெரியாது. யாராக இருந்தாலும் எடுத்து, "சேலை வெள்ளிக்கிழமை ரெடி" என்றுவிடுவார்.

"இன்சூரன்ஸ் போட்டிருந்தா வந்திருக்குமே" என்றான் அவர் பையன், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

"உனக்கு இருக்கா?" என்று நான் அண்ணனைக் கேட்டேன்.

"போனுக்குத்தான் இல்லேங்கிறேனே."

"போனுக்கில்ல. உனக்கு."

அவருக்கில்லை. பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா 2015-லிருந்து இருக்கிறது. பேங்க் கணக்கிலிருந்து வருஷத்துக்கு இப்போது 20 ரூபாய். விபத்தில் இறந்தால் வீட்டுக்கு இரண்டு லட்சம், ஒரு கையோ ஒரு கண்ணோ போனால் ஒரு லட்சம். 70 வயது வரை சேரலாம். எந்தச் சாவுக்கும் தருகிற இன்னொன்று உண்டு, 436 ரூபாய். அதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும், அண்ணன் தாண்டிவிட்டார். ரூபாய்க் கணக்கில் பார்த்தால் மனிதனுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிரீமியம், போனுக்குப் பத்தில் ஒரு பங்கு. அரசாங்கம் கோடிக்கணக்கான பேரைச் சேர்த்து நடத்துவதையும் கடைக்காரர் கமிஷன் வைத்து விற்பதையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமில்லைதான். இருந்தாலும் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

என் மகள் அங்கேயே அவர் பேங்க் கணக்கைத் தன் போனில் திறந்து, இருபது ரூபாய்த் திட்டத்தில் சேர்க்க உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, நாமினி எல்லாம் ஆயிற்று. "நாமினியா, உங்க அண்ணிதான், வேற யாரு" என்று அண்ணன் கொஞ்சம் வெட்கப்பட்டார். போன் பாலிசியில் இந்தக் கேள்வி கிடையாது.

"பெரியப்பா, உங்க போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும். சொல்லுங்க."

அண்ணன் போனைத் திருப்பினார், சாய்த்தார், வெயிலில் காட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முதல் இரண்டு எண் தெரிந்தது. மற்ற நாலும் கறுப்புக்குள் இருந்தன.

மறுநாள் மூங்கில் மண்டபம் பக்கத்தில் ரிப்பேர் கடையில் ஆயிரத்து அறுநூறு கொடுத்து டிஸ்பிளே மாற்றினார். ஒரிஜினல் இல்லை, ஆனால் ஓ.டி.பி. தெரியும். கேரண்டி உண்டா என்று கேட்டிருக்கிறார். "ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி அண்ணே, கீழ போட்டா கிடையாது" என்றானாம் கடைக்காரன்.