ரிமோட் யார் கையில்?

கேள்வி: எம்.ஏ. இதழியல் ஆய்வேட்டுக்கு டிவி சீரியலை எடுத்திருக்கிறேன். "சீரியல் பார்க்கவா ஃபீஸ் கட்டினோம்?" என்கிறார் அப்பா. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: அப்பாவிடமிருந்தே தொடங்குங்கள். உங்கள் வீட்டு ரிமோட் யார் கையில் இருக்கிறது? இந்தச் சாதாரணக் கேள்வியைத்தான் டேவிட் மோர்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களிடம் கொண்டு போனார். ரிமோட் பெரும்பாலும் ஆண்கள் வசம்தான் இருந்தது. 1986இல் வந்த அவருடைய 'ஃபேமிலி டெலிவிஷன்' என்ற புத்தகத்தை இன்றும் ஊடகத் துறை மாணவர்கள் படிக்கிறார்கள். அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

'தமிழ்ச் சீரியல்களும் சமுதாயமும்' என்று மட்டும் தலைப்பு வைத்துவிடாதீர்கள். ஏழு பேர் சேர்ந்தாலும் முடிக்க முடியாது. ஒரு தெரு, ஒரு சீரியல், பத்து வீடு போதும். ராத்திரி எட்டு மணிக்குப் போய், ஹாலில் உட்காராமல் அடுப்படியில் நில்லுங்கள். பல வீடுகளில் அம்மாக்கள் சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். தோசை வார்த்துக்கொண்டிருப்பவர் எந்த வசனத்துக்குக் கரண்டியும் கையுமாக ஹாலுக்கு ஓடி வருகிறார் என்று கவனியுங்கள். எந்தக் கேள்விப்பட்டியலும் அதைப் பிடித்துத் தராது. அன்றிரவே எழுதிவையுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும்.

முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஆய்வேட்டில் பெயர்களை மாற்றிவிடுங்கள். முடித்ததும், பேசியவர்களுக்கு அவரவர் பகுதியைப் படித்துக் காட்டுங்கள், கைடுக்குக் கொடுப்பதற்கு முன்பே.