ஏறுவதும் ஏற்றுவதும்

கேள்வி: ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’, ‘லை’, ‘லே’ என்ற ஆங்கில வினைச்சொற்களை என் மாணவர்கள் போட்டுக் குழப்புகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
– ஓர் ஆசிரியை, மணலி புதுநகர்

பதில்: பாடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் தண்ணீர் ஏறுகிறது. அது ‘ரைஸ்’. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுகிறார். அது ‘ரெய்ஸ்’. முன்னது தானாக நடக்கும். பின்னதற்கு ஓர் ஆள் வேண்டும். தமிழய்யா நடத்தும் தன்வினை, பிறவினைதான். ஏறு, ஏற்று, திரும்பு, திருப்பு என்று பிள்ளைகள் பிழையில்லாமல் பேசுகிறார்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யார்டில் கன்டெய்னர் சும்மா கிடந்தால் ‘லை’. கிரேன் அதைக் கிடத்தினால் ‘லே’. வில்லங்கம் இறந்தகாலத்தில்தான். நேற்றுக் கிடந்ததும் ‘லே’தானாம்! கிடத்தியது ‘லெய்ட்’. வெள்ளைக்காரனே தடுமாறும் இடம் இது. மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

பொய் சொல்லும் ‘லை’ ஒன்று தனியாக இருக்கிறது. அது மட்டும் ‘லைட்’ என்று ஒழுங்காக மாறிவிடும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். வீட்டுப்பாட நோட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.