ஒரே வாரத்தில் பயோமெக்கானிக்ஸ் மாஸ்டர்

முதலில் போர்டை மாற்றுங்கள். ‘சிலம்பம், கராத்தே கற்றுத்தரப்படும்’ என்பதற்குக் கீழே ‘பயோமெக்கானிக்ஸ் (உடலசைவு அறிவியல்) முறையில்’ என்று ஒரு வரி. மாதக் கட்டணத்தையும் அதற்கேற்ப ஏற்றிவிடலாம். பாதி வேலை முடிந்தது.

அடுத்து செல்போன். பிள்ளைகள் கம்பு வீசுவதைச் சாதாரண வீடியோவிலேயே எடுங்கள். நொடிக்கு 30 படம்தான் விழும். நொடியில் பத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும் மணிக்கட்டுச் சொடுக்குக்கு மூன்றே படம், அதுவும் கலங்கலாக. ஸ்லோமோஷனில் 240 வைத்தால் 24 கிடைக்கும். தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். தெரிந்தால் திருத்த வேண்டும். எதற்கு வம்பு?

கம்பு விஷயத்தில் தாராளம் காட்டுங்கள். ஆடுபவரின் நெற்றி உயரம் என்பதெல்லாம் பழைய ஆசான்களின் கணக்கு. எட்டு வயதுப் பயலிடம் அண்ணன் கம்பைக் கொடுங்கள். ஒரே பருமனுள்ள மூங்கிலில் 4 அடிக்குப் பதில் 5 அடி என்றால் கூடுவது ஓர் அடிதான். ஆனால் நுனியைப் பிடித்துச் சுழற்றும் பாடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையும் கூடுகிறது, அந்த எடை கையை விட்டுத் தள்ளியும் போகிறதல்லவா? பயல் தோளைத் தூக்கி, முதுகை வளைத்துச் சமாளிப்பான். “தோளை இறக்குடா!” என்று கத்துங்கள். குற்றவாளி கம்புதான் என்பது அவனுக்குத் தெரியவா போகிறது?

கராத்தே பிள்ளைகளிடம், மவாஷி கெரி என்னும் சுற்று உதைக்கு “இடுப்பைத் திருப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். ஊன்றிய பாதமும் கூடவே திரும்ப வேண்டும் என்பதை மறந்தும் சொல்லிவிடாதீர்கள். இடுப்பு சுழல, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்குப்படுவது முழங்கால். குதித்து இறங்கும்போது இரண்டு முழங்கால்களும் உள்ளே சாய்கின்றனவா? கண்டுகொள்ளாதீர்கள். மூட்டு ஜவ்வு கிழிவதற்கு அது ஒரு ராஜபாட்டை; பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். கிழிந்தால் “வார்ம்-அப் பண்ணலை” என்று சொல்லிக்கொள்ளலாம்.

யாராவது துருவிக் கேட்டால், “இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்” என்று முடித்துவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் பாதி உண்மை உண்டு. காலடி படியாதவரை வேகம் கேட்காத ஆசான்கள் இருந்தார்கள். அவர்கள் போர்டு வைக்கவில்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரே, ஒரு நாள் வகுப்பு ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மாஸ்டர் எத்தனை முறை குனிந்து ஒரு பிள்ளையின் பாதத்தைக் கவனிக்கிறார் என்று எண்ணுங்கள். பணத்தை அப்புறம் கட்டலாம்.