கச்சான் காலத்து விமர்சகர்கள்

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால், இலங்கையில் எங்கள் ஊரான உடப்பில் கரைவலைக்கு வேலை இல்லை. தோணிகள் மணல்மேட்டில் ஏறிக் கிடக்கும்; தோணிக்காரர்கள் தேத்தண்ணிக்கடை வாங்கில் ஏறிக் கிடப்பார்கள். ரஜினியின் ‘கூலி’ சரியாக அந்த வெறும் காலத்தில், 2025 ஆகஸ்ட் 14இல் வந்தது. எங்களைக் கேட்டுத்தான் தேதி குறித்தார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒருவன் கொழும்புக்கு பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வருவான். மற்றவர்கள் பார்க்காமலே விமர்சிப்போம். பார்த்தவனுக்குக் கதைதான் தெரியும்; குறை எல்லாம் பார்க்காதவர்களுக்குத்தான் தெரியும்.

“விசாகப்பட்டினம் துறைமுகம் மச்சான், கடத்தல், பிணத்தை உட்கார வைத்தே எரிக்கிற கதிரை...” என்று பார்த்துவிட்டு வந்தவன் தொடங்கினான். நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான் என்று பெயர்களை அடுக்கினான். வாங்கில் இருந்த என் மாமா அசையவில்லை.

“துறைமுகம் சரி. அங்க மீன் என்ன விலை?”

படத்தில் மீனே இல்லை என்று தெரிந்ததும் வெற்றிலையைத் துப்பினார். அதோடு இயக்குநர் லோகேஷ் கனகராஜின் கணக்கு முடிந்தது.

மாமா ஒரு காலத்தில் வலை இழுக்கும்போது அம்பா பாடலுக்கு முதல் குரல் கொடுத்தவர். பிறகு பல கரைகளில் வலை இழுக்க டிராக்டர் வந்துவிட்டது. அதற்குப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இல்லாததால், மாமா தன் புலமையை சினிமா மீது இறக்கிவிட்டார். எந்தப் பாட்டுக்கும் அவரிடம் ஒரே சோதனைதான்: இதைப் பாடி வலை இழுக்க முடியுமா? ‘கூலி’யில் அனிருத் இசையமைத்த ‘மோனிக்கா’ பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினோம். “இந்த வேகத்துக்கு இழுத்தா வலையின் மடி கரைக்கு வர முன்னால கை கழண்டு வந்திடும்” என்றார்.

அதே ஆண்டு மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்திருந்தது. சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு இலங்கையிலிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்குகிற கதை. ஊரே கண் கலங்கியது. எங்கள் வாங்கில் மட்டும் சண்டை. படகு தட்டின இடத்தில் எத்தனை அடி தண்ணீர், எஞ்சின் எத்தனை குதிரை, அது நிலவா இருட்டா? சசிகுமார் நடித்தாரா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. “அழுகிற இடத்திலயும் எஞ்சினைத்தான் பார்ப்பீங்களா?” என்று என் மதினி திட்டினாள். எங்களுக்குள் படத்தை உள்ளபடி பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மாமாவின் பழைய தீர்ப்புகளும் மாறுவதில்லை. 1964இன் ‘படகோட்டி’யில் எம்ஜிஆருக்குப் பாட்டுக்கு நூறு, துடுப்புப் பிடித்ததற்கு இருபது. மணிரத்னத்தின் ‘கடல்’ பேரில் மட்டும் கடல். 1978இல் வந்த நம் நாட்டுப் படமான ‘வாடைக்காற்று’ மட்டுமே குறையில்லாதது. செங்கை ஆழியானின் நாவல் அல்லவா! வருடக்கணக்காகப் புகழ்ந்தவர், படத்தைப் பார்த்ததே இல்லை என்பது போன மாதம்தான் வெளிவந்தது.

ஆகவே சென்னை இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடல் படம் எடுத்தால் ஐப்பசிக்குப் பிறகு வெளியிடுங்கள். அப்போது நாங்கள் வலையோடு இருப்போம். உங்கள் படம் தப்பித்துக்கொள்ளும்.